சாப்பாட்டுக்காரி துப்பறிந்தால்: கொட்டாஞ்சேனையில் ஒரு கோஸி கதை

2025 மே 5, திங்கள்

ஒருவர் கேட்டிருக்கிறார்: "அமெரிக்கச் சின்ன ஊர், வாரச் சந்தை, பேக்கரி வைத்திருக்கும் பெண், ஞாயிறு தவறாமல் தேவாலயம், நடுவில் ஒரு கொலை, கடைசிப் பக்கத்தில் கேக் செய்முறை. இந்தக் கோஸி வகைக் கதைகளை அடுக்கடுக்காக வாசித்துவிட்டேன். கொழும்பில் வைத்து ஒன்று எழுத ஆசை. ஆனால் கொழும்பு சின்ன ஊர் இல்லை. போதாததற்கு இங்கே நான்கு மதம். சரிவருமா?"

சரிவரும். ஊர் பெரிதா சின்னதா என்பது ஒரு பிரச்சினையே இல்லை, கொட்டாஞ்சேனையில் ஒரு ஒழுங்கை, ஒரு சின்னச் சந்து, போதும். எங்கள் பெரியம்மா அங்கே வீட்டிலிருந்து ரோல்ஸ், பற்றீஸ், கட்லட் செய்து அக்கம்பக்கத்துத் தேத்தண்ணிக் கடைகளுக்குக் கொடுத்து வந்தவர். வாசலிலும் கொஞ்சம் விற்பார். யாருக்கு வெளிநாட்டுக் காசு வருவது நின்றுவிட்டது, யார் வேலை போனதை வீட்டில் சொல்லாமல் காலையில் சேர்ட் போட்டுக்கொண்டு வெளிக்கிடுகிறார், எல்லாம் அவருக்குத் தெரியும். வம்பு கேட்கிற ஆளில்லை அவர். வழக்கமாக வீட்டுக்கே பார்சல் கட்டுகிறவர் வாசலில் நின்று ஒரே ஒரு கட்லட்டைத் தின்றுவிட்டுப் போனால் யாருக்குத்தான் விளங்காது?

என் மனக்குறை வேறு. இந்தக் கதாநாயகிகளுக்கு எங்கிருந்து இவ்வளவு ஓய்வு வருகிறது? காலையில் கடை திறக்கிறாள், பத்து மணிக்கு உதவிப் பெண்ணிடம் விட்டுவிட்டு இறந்தவரின் மைத்துனியைப் பார்க்கப் போகிறாள், பின்னேரம் நூலகத்தில் பழைய பத்திரிகை புரட்டுகிறாள். பெரியம்மா விடியுமுன் எழும்பி மா கரைத்தால் மத்தியானம்தான் இருப்பார், அதுவும் வெங்காயம் உரித்தபடி. எங்கள் கதையில் துப்பறிகிற பெண் இடத்தைவிட்டு அசையக் கூடாது. செய்தி எல்லாம் அவளிடம் வரவேண்டும். பசித்தால் வரத்தானே செய்யும்.

மே 6, செவ்வாய்

வாக்குப் போட்டுவிட்டு வந்தேன், விரலில் மை. வரிசையில் நின்றபோது யோசித்ததை மறக்குமுன் எழுதுகிறேன்.

"கதாநாயகி செபம் பண்ணினதும் விடை கிடைத்துவிடலாமா?" என்று ஒருவர் கேட்கிறார். கூடாது. இதைச் சொல்வது நானல்ல, ஒரு பாதிரியார். ரொனால்ட் நாக்ஸ், கத்தோலிக்கக் குரு, தானே துப்பறியும் நாவல்களும் எழுதியவர், 1929இல் இந்த வகைக் கதைகளுக்குப் பத்துக் கட்டளைகள் போட்டார். இரண்டாவது: அமானுஷ்யம் எதுவும் உள்ளே வரக்கூடாது. ஆறாவது: தற்செயல் துப்பறிபவருக்குக் கைகொடுக்கக் கூடாது, காரணம் சொல்ல முடியாத உள்ளுணர்வு பலிக்கவும் கூடாது. இரகசிய வழி ஒன்றுக்கு மேல் இருக்கக்கூடாது என்றும் ஒரு கட்டளை உண்டு. கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளைப் பார்த்திருந்தால் அதைத் தளர்த்தியிருப்பார்.

கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்குச் செவ்வாய் தோறும் போகிற கூட்டம் தெரியும்தானே. கிறிஸ்தவர்கள் மட்டுமில்லை, நெற்றியில் திருநீறோடு பூமாலை வாங்கிக்கொண்டு போகிறவர்கள் எத்தனையோ பேர். தொலைந்த பொருளைத் தேடித் தருகிற புனிதர் அவர். துப்பறியும் கதைக்கு இதைவிடப் பொருத்தமான பாதுகாவலர் கிடைக்கமாட்டார், ஆனால் நாக்ஸின் சட்டப்படி அவரே தேடித் தந்துவிட்டால் கதை செல்லாது. வேண்டுதல் வைக்கட்டும், மெழுகுதிரி ஏற்றட்டும். தேடுகிற வேலை வாசலில் கடலை விற்கிற அக்காவுடையது.

மே 7, புதன்

நாக்ஸ் என்றதும் பிரௌன் பாதிரியாரை ஏன் விட்டுவிட்டீர் என்று திட்டு. விடவில்லை, அவருக்குத் தனியாக எழுதவேண்டும் என்று வைத்திருந்தேன்.

ஆங்கில எழுத்தாளர் செஸ்டர்ட்டன் படைத்த துப்பறியும் பாதிரியார் அவர். முதலாவது பிரௌன் கதை "நீலச் சிலுவை", 1910. செஸ்டர்ட்டன் அப்போது கத்தோலிக்கரே இல்லை, 1922இல்தான் சேர்ந்தார். மருதானைப் பக்கம் டி.ஆர். விஜேவர்தன மாவத்தைப் பழைய புத்தகக் கடையொன்றில் அட்டை போன பிரதி கிடைத்து, இளவயதில் வாசித்தேன். அப்போது பாதிரியாரைத்தான் பார்த்தேன். இப்போது திரும்ப எடுத்தால் கதை முழுக்கச் சாப்பாட்டுக் கடைகள்!

குட்டைப் பாதிரியாரான பிரௌன் நீலக் கற்கள் பதித்த வெள்ளிச் சிலுவையோடு லண்டனுக்கு வருகிறார். அதைத் திருட ஃபிளம்போ என்ற பெரிய கள்ளன் தானும் குருவேடம் போட்டு ஒட்டிக்கொள்கிறான். பின்னால் பாரிஸ் பொலிஸ் அதிகாரி வாலன்ரின். அவருக்கு அகப்படுகிற தடயங்களைப் பாருங்கள். ஓர் உணவகத்தில் சீனிக் கிண்ணத்துக்குள் உப்பு, சுவரில் யாரோ சூப் வீசின கறை. பழக்கடையில் தோடம்பழத்தின் விலை அட்டை கொட்டைகளின் மேல், கொட்டைகளின் அட்டை தோடம்பழத்தின் மேல், அப்பிள்கள் சிதறிக் கிடக்கின்றன. இன்னொரு கடையில் கண்ணாடி உடைந்திருக்கிறது. கடைசியில் ஒரு மிட்டாய்க் கடை. முதல் மூன்று கடைகளிலும் ஓர் ஆள் எரிச்சலோடு சொல்கிறான்: இரண்டு சாமிமார் வந்தார்கள், அதில் ஒருவர் இந்த அநியாயத்தைப் பண்ணிவிட்டுப் போனார்.

எல்லாம் பிரௌனின் வேலை. பாதி, பொலிஸ் பின்தொடர வழி காட்டுவதற்கு. மற்றப் பாதி, கூட வருகிறவனைச் சோதிப்பதற்கு. கோப்பியில் உப்பு இருந்தால் எவனும் சத்தம் போடுவான், ஃபிளம்போ பேசாமல் குடிக்கிறான். பில்லில் மூன்று மடங்கு காசு போட்டிருந்தால் எவனும் கேட்பான், அவன் பேசாமல் கட்டுகிறான். சத்தம் போடாதவனுக்கு மறைக்க ஏதோ இருக்கிறது. கடைசியில் வேடம் முற்றாகக் கலைவது சமயத்தால்: ஃபிளம்போ பகுத்தறிவைக் குறைத்துப் பேசுகிறான், உண்மையான குரு அப்படிப் பேசமாட்டார் என்று பிரௌன் பிடித்துவிடுகிறார்.

இந்தக் கதையில் கொலையே கிடையாது, அதை மட்டும் மனதில் வைத்திருங்கள். பிறகு தேவைப்படும்.

மே 7, இரவு

"நீலச் சிலுவை கோஸியா?" என்று கேட்கிறார்கள். அந்தப் பெயர் பிறகு ஒட்டினது. பெயருக்காகச் சண்டை பிடிக்க எனக்கு நேரமில்லை. 1964இல் ஹாரி கெமல்மன் ஒரு ரபியை, யூத மதகுருவை, துப்பறிய வைத்தார், 1977இல் எல்லிஸ் பீற்றர்ஸ் மூலிகைத் தோட்டம் வைத்திருக்கும் நடுக்காலத்துத் துறவி ஒருவரை. 1990இல் டயான் மொட் டேவிட்சனின் விருந்துச் சமையல்காரி வந்தாள், 2000இல் ஜோஆன் ஃப்ளூக்கின் பிஸ்கற்காரி. அதற்குப் பிறகு ஆமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் மிட்டாய்க் கடை வரை ஒரே சமையலறைதான். சமயமும் சாப்பாடும் இரண்டு தண்டவாளமாக ஓடி அமெரிக்கச் சந்தையில் ஒரே கடைக்குள் வந்து சேர்ந்தது என்பது என் எண்ணம்.

இவற்றில் பலதில் தேவாலயம் வெறும் மேடையலங்காரம். ஞாயிறு வரும், பாடல் பாடுவார்கள், ஆளுக்கொரு சட்டி கொண்டுவந்து சேர்ந்து சாப்பிடுவார்கள், அவ்வளவுதான். நம்பிக்கையைக் கழற்றி எடுத்தாலும் புதிர் அப்படியே நிற்கும். ரபி கதையில் அப்படிக் கழற்ற முடியாது, அவர் தல்மூத் என்ற யூத மறைச்சட்ட நூலின் வாதமுறையை வைத்தே யோசிக்கிறார். கொழும்பில் எழுதுகிறவர் அந்தப் பக்கம் நிற்கவேண்டும்.

மே 10, சனி

கழற்ற முடியாத நம்பிக்கைக்கு உதாரணம் கேட்டீர்கள். சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

மலைநாட்டுக் கோவிலொன்றில் அன்னதானம் என்று பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு ஒருவர் எங்கள் ஒழுங்கைக்கு வந்தார். வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு, மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. "காப்புக் கட்டியிருக்கிறேன் அம்மா, மீன், இறைச்சி, எந்த மச்சமும் தொடுவதில்லை" என்று கேட்காமலே சொன்னார். ஒழுங்கை முழுக்கக் காசு கொடுத்தது. பெரியம்மாவும் கொடுத்தார். கொடுத்த கையோடு, வெயிலில் அலைகிற மனுசன் என்று இருக்கவைத்து, தேங்காய் ரொட்டியும் கட்டைச் சம்பலும் வைத்தார். செத்தல் மிளகாய், வெங்காயம், உப்பு, தேசிக்காய், அதோடு அம்மியில் இடித்த மாசி. மாசி இல்லாமல் அந்த வீட்டில் கட்டைச் சம்பல் இடித்ததே கிடையாது. மனிதர் ரொட்டியைப் பிய்த்து, சம்பலைத் தொட்டு, வழித்துச் சாப்பிட்டு, இன்னும் கொஞ்சம் இருந்தால் போடுங்கோ என்றார்.

அவர் படலையைத் தாண்டினதும் பெரியம்மா எங்களிடம் சொன்னார்: "இவன் கள்ளன்."

நாங்கள் விளங்காமல் நின்றோம். மாசி போட்டதைப் பெரியம்மா மறந்துபோய் வைத்துவிட்டார். வைத்த பிறகுதான் நினைவு வந்ததாம். தட்டை எடுக்க வாய் திறக்குமுன் அந்த ஆள் முதல் வாயை வைத்துவிட்டார். சம்பலில் மாசி இருக்கிறதா என்று கேட்கவில்லை. மணம் வந்திருக்கும், கடிபட்டிருக்கும், அப்போதும் நிற்பாட்டவில்லை. காப்புக் கட்டினவர் வெளியில் தண்ணீர் குடிக்கவே யோசிப்பார். மாசி கருவாடுதானே, மீன்தானே என்று இந்த நாட்டில் யாருக்குத் தெரியாது?

பிறகு அந்தப் புத்தகமும் பொய், அன்னதானமும் பொய் என்று தெரியவந்தது. காசு திரும்பவில்லை.

உப்புக் கோப்பியைப் பேசாமல் குடித்த ஃபிளம்போவையும் இந்த ஆளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விரதம் என்றால் என்ன என்று தெரியாத வாசகருக்கு இந்தத் தடயம் கண்ணில் படாது. நம்பிக்கையை எடுத்துவிட்டால் புதிரே இல்லை.

மே 11, ஞாயிறு

ஒரு மறுப்பு: "அப்பாவியாகவும் இருக்கலாமே, பசியில் கவனிக்காமல் சாப்பிட்டிருக்கலாம்." இருக்கலாம். ஆகவே கதையில் ஒரு தடயத்தோடு நிற்கக் கூடாது, இரண்டு மூன்று சேரவேண்டும். காலிமுகத்திடலில் வடை வண்டிகளுக்குப் பக்கத்தில் கொஞ்சம் நின்று பாருங்கள். இறால் ஒட்டின வடையும் வெறும் பருப்பு வடையும் ஒரே கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கியிருக்கும். உண்மையில் சைவமாக இருக்கிறவர் விலை கேட்குமுன் எண்ணெயைக் கேட்பார். இரண்டும் ஒரே தாச்சியிலா என்று எட்டிப் பார்ப்பார். ஒன்று என்றால் முகத்தைச் சுளித்துக்கொண்டு சோளம் வாங்கப் போய்விடுவார். அந்த எட்டிப் பார்க்கிற அசைவு நடிகனுக்கு வராது. சீனிச் சம்பல் பணிஸும் அப்படித்தான், அதற்குள்ளும் மாசி இருக்கும், பெயரைக் கேட்டு மரக்கறி என்று நம்பிக் கடிக்கிறவர் வெளியூர்.

மே 13, செவ்வாய்

நேற்று வெசாக், இன்றும் விடுமுறை. பிள்ளைகளோடு வெளிச்சக் கூடு பார்க்கப் போய், வழியில் அகப்பட்ட தன்சல், இலவசச் சாப்பாட்டுப் பந்தல், எல்லாவற்றிலும் வரிசையில் நின்று, ஒன்றில் சோறு, ஒன்றில் மரவள்ளிக்கிழங்கு, ஒன்றில் ஐஸ்கிறீம். வயிறு இன்னும் கனக்கிறது.

நிற்கிறபோதே கதைக்கு வழி கிடைத்தது. தன்சலுக்குப் பெயர் பதியவேண்டும், பொதுச் சுகாதாரப் பரிசோதகர், அதாவது பீ.எச்.ஐ., வந்து தண்ணீர், பாத்திரம், கை எல்லாம் பார்ப்பார். ஆக, இந்த ஊரில் தானத்துக்கே ஒரு கோப்பு உண்டு. அமெரிக்கக் கோஸியில் கதாநாயகியின் காதலன் எப்போதும் ஷெரிஃப். இங்கே பொலிஸ் பொறுப்பதிகாரியோடு நம் கதாநாயகியான வடைக்காரி காதல் என்றால் யாரும் நம்பமாட்டார்கள், ஒழுங்கையே சிரிக்கும். பீ.எச்.ஐ. என்றால் நம்பலாம். மாதத்துக்கு ஒருமுறை எப்படியும் வருவார், எண்ணெயைப் பார்ப்பார், பிழை பிடிப்பார், அவள் முறைப்பாள். மூன்றாம் அத்தியாயத்தில் அவர் விடுமுறை நாளிலும் எண்ணெய் பார்க்க வருவார்.

நான்கு மதம் தடை என்று தொடக்கத்தில் கேட்டவருக்கும் இதில் பதில் இருக்கிறது. நான்கு மதமும் சாப்பாட்டுக்காரியின் நாட்காட்டி. பௌத்தரின் பௌர்ணமிப் போயாவுக்கு இறைச்சிக் கடையும் சாராயக் கடையும் பூட்டு. நோன்பு மாதத்தில் பின்னேரம் கஞ்சியும் சமோசாவும், பகலில் வியாபாரம் படுக்கும். கத்தோலிக்கரின் தவசு கால வெள்ளியில் மீன் ரோல்ஸ் ஓடும், இறைச்சி ரோல்ஸ் தேங்கும். கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் மச்சப் பெட்டியே திறக்காத வாடிக்கையாளர்கள் உண்டு. எந்த நாளில் யார் எதை வாங்கவேண்டும் என்பது அவளுக்கு மனப்பாடம். மாறி வாங்கினவன் மாட்டினான். மதக் கலவையைக் காட்டுவதற்காக ஒரு ஐயர், ஒரு பிக்கு, ஒரு மௌலவி, ஒரு பாதர் என்று ஒரே வாங்கில் இருத்தித் தேத்தண்ணி குடிக்கவைக்காதீர்கள், கைகூப்பிக் கேட்கிறேன். விளம்பரப் படம் மாதிரி இருக்கும்.

மே 14, புதன்

இப்போது கொலைக்கு வருவோம். "கொலை இல்லாமல் யார் வாசிப்பார்கள், ரோல்ஸில் நஞ்சு வையுங்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார்.

இந்த வகைக் கதையின் செல்ல ஆயுதம் நஞ்சு. இரத்தம் இல்லை, சத்தம் இல்லை, ஆள் கேக் தட்டின் மேல் சாய்வார். இங்கிலாந்தில் அது விளையாட்டாக இருக்கலாம். இந்த நாட்டில் தொண்ணூறுகளின் நடுவில் தற்கொலை வீதம் உலகத்திலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்றாக இருந்தது, பெரும்பங்கு பூச்சிமருந்து. கொடிய வகைகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்த பிறகுதான் இறங்கியது. நஞ்சு என்ற சொல்லோடு ஒரு முகம் நினைவுக்கு வராத குடும்பம் எங்கள் தலைமுறையில் குறைவு. அதை நான் இலேசாக எழுதமாட்டேன். நீங்கள் எழுதுவதானால் உங்கள் பாடு.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அந்தோனியார் கோவில் வாசலில் கதை வை என்று நானே மேலே எழுதினேன். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, அங்கே குண்டு வெடித்தது எல்லோருக்கும் தெரியும். ஜூன் 12, திருநாளுக்கு முதல்நாள், கோவிலைத் திரும்பத் திறந்தார்கள். பூக்காரரும் மெழுகுதிரிக்காரரும் திரும்ப வந்தார்கள். அவர்களை நடுவில் வைத்து மனதுக்கு இதமான ஒரு கதை எழுதலாம், எழுதவேண்டும் என்றும் நினைக்கிறேன். அந்த வாசலில் மறுபடி ஒரு பிணத்தைப் போட்டு வாசகரைச் சுவாரசியப்படுத்த என் கை ஓடாது.

களவு போதும். "நீலச் சிலுவை"யை மனதில் வைத்திருக்கச் சொன்னது இதற்குத்தான். சீட்டுக் காசை எடுங்கள். இருபது பெண்கள் மாதாமாதம் கட்டுகிற சீட்டு, இந்த மாதம் எடுக்கவேண்டியவள் மகளின் பிரயாணத்துக்கு நம்பியிருக்கிறாள், காசு இருந்த பிஸ்கற் தகரம் வெறுமை. யாரும் சாகவில்லை. ஆனால் அடுத்தநாள் காலையில் இருபது பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கமாட்டார்கள். இதைவிட ஒரு ஒழுங்கையை உடைக்க வேறு என்ன வேண்டும்? பொலிஸுக்கும் போக முடியாது. எழுத்தில் எதுவும் இல்லை, எல்லாம் வாய்ச்சொல்.

மே 20, செவ்வாய்

ரோல்ஸ் செய்முறை கேட்டு இத்தனை பேரா! இலக்கியம் பேசினால் ஒருவரும் வரமாட்டீர்கள்.

அளவு என்னிடம் இல்லை, பெரியம்மா அளந்ததில்லை. மா, முட்டை, தண்ணீர் கரைத்து மெல்லிய ஆடையாக ஊற்றி எடுப்பது. உள்ளுக்கு அவித்த கிழங்கும் மீனும், மிளகு தூக்கலாக. சூட்டோடு சுற்றினால் ஆடை கிழியும், ஆறினபின் சுற்றினால் ஒட்டாது, அந்த இடைவேளையில் சுற்றவேண்டும். இரண்டு பக்கமும் மடித்து உருட்டி, மாக் கரைசலில் தோய்த்து, ரஸ்க் தூளில் புரட்டிப் பொரிப்பது.

கதைக்கு வேண்டியது மடிப்பு. பெரியம்மாவுக்கு உதவிக்கு வந்தவர்களில் ஒருத்தி இடக்கைக்காரி. அவள் சுற்றினதில் மடிப்பு மறுபக்கம் விழும். பொரித்து அடுக்கின தட்டைப் பார்த்தே எது யாருடையது என்று பெரியம்மா சொல்வார். "காலையில் வீட்டில்தான் இருந்தேன், முழுத் தட்டையும் நான்தான் சுற்றினேன்" என்று ஒருத்தி சாட்சி சொல்கிறாள். தட்டில் பாதி மடிப்பு மறுபக்கம். இதைத்தான் எழுதச் சொல்கிறேன், செய்முறையைக் கடைசிப் பக்கத்தில் ஒட்டாமல் கதைக்குள்ளேயே வையுங்கள்.

ஜூன் 2, திங்கள்

"கள்ளனைப் பிடித்த பிறகு?" நல்ல கேள்வி, எனக்கு முழுப் பதில் இல்லை.

ஃபிளம்போ பிறகு திருட்டை விட்டு, பிரௌனின் சிநேகிதனாகி, தானே துப்பறிகிறவனாகிறான். செஸ்டர்ட்டனுக்கு மனந்திரும்புதல்தான் கதையின் முடிவு, விலங்கு அல்ல. வாசிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் மன்னிப்பு யாருடைய காசில்? பாதிரியார் மன்னிக்கலாம், சிலுவை பத்திரமாக இருக்கிறது. சீட்டுக் காசை இழந்தவள் மன்னிக்கவேண்டும் என்று துப்பறிந்தவள் சொல்ல என்ன உரிமை? அமெரிக்கக் கதைகளில் இந்த இடத்தில் ஒரு செபம் வந்து பக்கத்தை மூடிவிடும். எனக்கு அது போதாது. களவெடுத்தவள் மாதாமாதம் கட்டட்டும். கட்டி முடியும்வரை அவள் அதே ஒழுங்கையில், அதே பெண்களின் கண் முன்னால் வெங்காயம் உரிக்கட்டும். சிலர் பேசுவார்கள், சிலர் பேசமாட்டார்கள். கடன் முடிந்த பிறகும் ஒருத்தி பேசாமல் இருந்தால் அவளைக் கெட்டவளாகக் காட்டாதீர்கள்.

பாவசங்கீர்த்தனத்தில் களவெடுத்தவள் முதலிலேயே பாதரிடம் சொல்லிவிட்டிருந்தால்? அவர் வாய் திறக்க முடியாது, திருச்சபைச் சட்டம் விடாது. அவருக்குத் தெரியும் என்பது வடைக்காரிக்குத் தெரியும்: வழக்கமாக ரோல்ஸ் வாங்கி நின்று கதைக்கிறவர் இந்தக் கிழமை காசை வைத்துவிட்டு ஓடுகிறார். அவர் எதையும் சொல்லவில்லை, சட்டத்தையும் மீறவில்லை. அவள் கண்டுபிடித்துவிட்டாள். இது நாக்ஸுக்கும் சம்மதமாக இருக்கும்.

ஜூன் 14, சனி

நேற்றுத் திருநாள், சவாரி கிடைக்காமல் கொச்சிக்கடையிலிருந்து நடந்தே வந்தேன், கால் வலி. வந்து பார்த்தால், தொடக்கத்தில் கேள்வி கேட்டவர் முதல் அத்தியாயம் அனுப்பியிருக்கிறார்.

வாசித்தேன். மொழி நன்றாக ஓடுகிறது. ஆனால் இரண்டாம் பக்கத்திலேயே பிணம். நான் தொண்டை கிழியக் கத்தினது எங்கே போனது? வடைக்காரி மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டு ஓட்டோவில் தெகிவளைக்குப் போய் விசாரிக்கிறாள். போயா தினத்தில் பக்கத்துக் கடையில் ஆட்டிறைச்சி வாங்குகிறார்கள். ஐந்தாம் பக்கத்தில் ஐயர் வீட்டுக்கு அவள் கொண்டுபோய்க் கொடுக்கிற சீனிச் சம்பலில் மாசி இருக்கிறதா இல்லையா என்று சொல்லவில்லை. அது தடயமா, கவனக்குறைவா? தடயம் என்றால் பிரமாதம். மற்றதுகளைத் திருத்தி அனுப்புங்கள். பீ.எச்.ஐ.யை இன்னும் கொஞ்சம் கோபக்காரனாக ஆக்குங்கள்.